நீதிமன்றக் கதவு அடைபட்ட பின்: ஜெர்மன் திருச்சபைப் போராட்டத்தில் இரு சட்ட அறிஞர்கள்

பெரம்பலூர் வட்டாரத்தில் எம்மிடம் அரபி பயின்று, பின்னர்ச் சட்டக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவர் விடுமுறையில் எம்மைக் காண வந்திருந்தார். அன்று நாம் பிக்ஹு நூலில் நீதிபதிக்குரிய ஒழுக்கங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். காழியார் இரு தரப்பினரையும் சமமாக அமர்த்த வேண்டும், சினமுற்ற நிலையில் தீர்ப்புரைக்கலாகாது என்பன போன்ற விதிகளைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டிருந்த அவர், பாடம் முடிந்ததும் ஒரு வினாவைத் தொடுத்தார். "ஹஜ்ரத், நீதிமன்றம் திறந்திருக்கும்வரை இவ்விதிகள் யாவும் பொருந்தும். ஆட்சியாளரே நீதிமன்றத்தின் கதவை அடைத்துவிட்டால் வழக்கறிஞரால் ஆவது என்ன?"

அப்போது நாம் அளித்த விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினா வெறும் கற்பனையில் எழுந்ததும் அன்று. 1975 ஜூன் 25 அன்று நம் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசா சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டோர் உயர்நீதிமன்றங்களை நாடினர். ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அவர்களுடைய மனுக்களை விசாரிக்கலாம் என்றன. ஆனால் 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வர் பெரும்பான்மையால், அக்கதவை அடைத்தது. மாறுபட்டுத் தீர்ப்புரைத்தவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. எனவே எம் மாணவரின் வினா நம் தலைமுறையினர் கண்ணெதிரே கண்டதொரு நிகழ்விலிருந்து பிறந்தது எனலாம்.

அவ்வினாவிற்கு விடை தேடும்போது, அதனை நம்மினும் கொடிய சூழலில் எதிர்கொண்ட இருவரின் வரலாறு நம் கவனத்தை ஈர்த்தது. ஹிட்லரின் ஜெர்மனியில் சீர்திருத்தக் கிறிஸ்தவத் திருச்சபையின் எதிர்ப்பியக்கத்திற்குச் சட்டத் துணையாக நின்ற ஃபிரீட்ரிக் வைஸ்லர், ஃபிரீட்ரிக் யுஸ்டுஸ் பெரெல்ஸ் ஆகியோரே அவ்விருவர். போன்ஹோஃபர், நீமோலர் முதலிய போதகர்களை உலகம் அறியும். அவர்களுடைய அறிக்கைகளுக்கும் வழக்குகளுக்கும் பின்னால் நின்ற சட்ட அறிஞர்களை அறிந்தோர் சிலரே.

ஹாலே நகரமும் நம் நிலமும்

அந்நிய நாட்டுச் செய்தி எனத் தோன்றினும் நம் வட்டாரத்திற்கு இதனோடு ஒரு பழந்தொடர்பு உண்டு. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடக்கே, ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. கத்தோலிக்கரான அவர், தரங்கம்பாடியில் நிலைகொண்டிருந்த லுத்தர் சபையினரை மறுத்து 'லுத்தேரினத்தியல்பு' என்னும் உரைநடை நூலையும் எழுதினார். அவர் மறுத்துரைத்த அச்சபையைத் தமிழகத்தில் தொடங்கிவைத்தவர்கள் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் ஆவர். அவ்விருவரும் ஜெர்மனியின் ஹாலே நகரில் கல்வி பயின்றவர்கள். அந்நகரின் பிராங்கே நிறுவனங்களே நெடுங்காலம் தரங்கம்பாடிப் பணிக்குத் துணைநின்றன.

அதே ஹாலேயில் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வளர்ந்தவர் வைஸ்லர். 1891 ஏப்ரல் 28 அன்று மேலைச் சிலேசியாவில் பிறந்த அவர், யூத வமிசத்தில் தோன்றியவர். குழந்தைப் பருவத்திலேயே சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தந்தை அடால்ஃப் வைஸ்லர் ஹாலேயில் வழக்கறிஞராக விளங்கியதோடு, வழக்கறிஞர் தொழிலின் வரலாற்றை எழுதியவருமாவார். மகன் ஹாலேயிலும் பான் நகரிலும் சட்டம் பயின்றார். முதல் உலகப் போரில் படையில் பணியாற்றினார். 1932-இல் மாக்டபுர்க் நகர மாநில நீதிமன்றத்தில் உயர்நிலை நீதிபதியானார். சட்டமும் சமயமும் தாய்நாட்டுப் பற்றும் ஒருங்கே அமைந்த ஒரு வாழ்வு அது.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றார். அதன் பின்னர் வைஸ்லரின் நீதிமன்றத்திற்கு ஹிட்லரின் எஸ்.ஏ. படையைச் சேர்ந்த ஒருவர் படைச் சீருடையிலேயே வந்து நின்றார். நீதிமன்ற மாண்பிற்கு அது இழுக்கு எனக் கருதிய நீதிபதி, அவருக்கு அபராதம் விதித்தார். பிற நாட்களில் எவரும் பொருட்படுத்தாத சிறு ஆணை அது. ஆனால் எஸ்.ஏ. படையினர் நீதிமன்றத்தினுள் புகுந்து நீதிபதியைத் தாக்கி இழிவுபடுத்தினர். முன்னணியில் போரிட்ட வீரர்களுக்கு யூத வமிசத்தவர் பணிநீக்கச் சட்டத்தில் விலக்கு இருந்தும், அவ்வாண்டிலேயே வைஸ்லர் பதவியை இழந்தார்.

வழக்கில் வென்று நீதிமன்றத்தை இழந்தமை

வைஸ்லர் எத்தகைய களத்தில் அடியெடுத்து வைத்தார் என்பதை இங்குச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். அக்காலத்து ஜெர்மானியரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சீர்திருத்தச் சபையினர். அவர்கள் 28 வட்டாரத் திருச்சபைகளாகப் பிரிந்திருந்தனர். இவற்றை ஒரே தலைமையின்கீழ்க் கொணர்ந்து தன் கொள்கைக்குக் கருவியாக்க ஹிட்லர் விரும்பினார். 1933 ஜூலை 23 அன்று நடைபெற்ற திருச்சபைத் தேர்தலில், அவருடைய வெளிப்படையான ஆதரவுடன், 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்னும் அணி பெருவெற்றி பெற்றது. செப்டம்பரில் கூடிய பிரஷ்யத் திருச்சபைப் பேரவை, யூத வமிசத்தவர் சபைப் பணியில் இருக்கலாகாது என்னும் 'ஆரிய விதி'யை ஏற்றது. அம்மாத இறுதியில் லுட்விக் மியூலர் நாடு முழுமைக்குமான பேராயராகத் தேர்வு செய்யப்பட்டார்.

இதனை எதிர்த்தே மார்ட்டின் நீமோலர் போதகர் நெருக்கடிக்கால ஒன்றியத்தை அமைத்தார். 1934-இன் தொடக்கத்தில் அதில் ஏறத்தாழ 7,000 போதகர்கள் இருந்தனர். 1934 மே மாத இறுதியில் பார்மன் நகரில் கூடிய பேரவை, திருச்சபையின் மீது அரசுக்கு உள்ள அதிகாரத்தின் எல்லையை வரையறுத்துக் கூறியது. அவ்வியக்கமே 'விசுவாச அறிக்கைத் திருச்சபை' எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினின் டாலம் பகுதியில் கூடிய பேரவை ஒருபடி மேலே சென்றது. பேராயர் மியூலரின் நிர்வாகம் திருச்சபையின் அமைப்பு விதிகளைத் தானே மீறிவிட்டமையால் அது சட்டப்படியான தலைமையன்று. ஆகவே நெருக்கடிக்கால உரிமையின்படி நாமே புதிய தலைமையை அமைத்துக்கொள்கிறோம் என அறிவித்தது.

இம்முடிவு இறையியல் சார்ந்ததாயினும் அதன் நடை சட்ட நடை என்பது நோக்கத்தக்கது. சட்டம் கற்றோரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. 'எங்கள் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை' என்று போதகர் கூறினால், அரசு அதனை அவருடைய தனிப்பட்ட பிடிவாதமாக ஒதுக்கிவிடலாம். 'நீங்கள் ஒப்புக்கொண்ட விதியை நீங்களே மீறியுள்ளீர்கள்' என்று வழக்கறிஞர் கூறும்போது நீதிமன்றம் அதற்கு மறுமொழி கூறியாக வேண்டும். பணிநீக்கம் செய்யப்பட்ட போதகர்கள் தொடுத்த வழக்குகள் பலவற்றில் உரிமையியல் நீதிமன்றங்கள் அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தன. சர்வாதிகார ஆட்சியின் இரண்டாம் ஆண்டிலும் இவ்வாறு நிகழ்ந்தது வியப்புக்குரியதே.

ஆயின் அவ்வெற்றிக்கு ஆட்சி அளித்த விடை எளியதாக இருந்தது. 1935 ஜூன் 26 அன்று இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, திருச்சபை நிர்வாகத்தின் செல்லுபடி பற்றிய வினாக்கள் பொது நீதிமன்றங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, அரசின் உள்துறையில் அமைந்த ஒரு முடிவுரை அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1936 பிப்ரவரி 10-ஆம் நாளைய பிரஷ்யச் சட்டம் கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீசின் செயல்களை நிர்வாக நீதிமன்றங்கள் ஆராய இயலாதெனத் தடுத்தது. வழக்கில் தோற்ற அரசு, நீதிமன்றத்தையே விலக்கிவிட்டது.

இதன் முழு விளைவும் நீமோலரின் வழக்கில் வெளிப்பட்டது. 1937 ஜூலை 1 அன்று கைதான அவரை, 1938 மார்ச் 2 அன்று பெர்லின் சிறப்பு நீதிமன்றம் ஏழு மாதக் காவலும் அபராதமும் விதித்து, அக்காவலை அவர் ஏற்கனவே அனுபவித்துவிட்டதாகக் கூறி விடுவித்தது. நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவரை கெஸ்டபோ அப்படியே பற்றிச் சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமிற்கு அனுப்பியது. 1945 வரை அவர் விடுதலை பெறவில்லை.

வைஸ்லரின் குறிப்பாணை

பதவியிழந்த வைஸ்லர் பெர்லினில் குடியேறி, 1934 முதல் விசுவாச அறிக்கைத் திருச்சபையின் தற்காலிகத் தலைமைக்குச் சட்ட ஆலோசகராகவும், பின்னர் அதன் அலுவலகத் தலைவராகவும் பணியாற்றினார். 1936-இல் அத்தலைமை ஹிட்லருக்கு நேரடியாக ஒரு குறிப்பாணையை வரைந்தது. மே 28-ஆம் நாளிட்டு, ஜூன் 4 அன்று பெர்லினில் அளிக்கப்பட்ட அவ்வாவணத்தைத் தயாரித்ததில் வைஸ்லருக்கும் பங்குண்டு.

திருச்சபையின் சொந்தக் குறைகளோடு அக்குறிப்பாணை நின்றுவிடவில்லை. யூதரை வெறுக்குமாறு கிறிஸ்தவரைக் கட்டாயப்படுத்தினால், அயலாரை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை அதற்கு எதிராக நிற்கும் என்றது. நீதியின் நாடு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நாட்டில் வதைமுகாம்கள் உள்ளன, கெஸ்டபோவின் செயல்கள் நீதிமன்ற ஆய்வுக்கு அப்பாற்பட்டுள்ளன என்றும் சுட்டியது. தலைவருக்கு அளிக்கப்படும் வழிபாடு போன்ற மரியாதையையும் கண்டித்தது. நீதிமன்ற ஆய்வு பற்றிய அவ்வரிகளில், சீருடைக்காக அபராதம் விதித்த பழைய நீதிபதியின் குரலை நாம் கேட்கிறோம்.

ஹிட்லர் மறுமொழி அளிக்கவில்லை. குறிப்பாணை இரகசியமாகவே இருக்க வேண்டும் என்பது திருச்சபைத் தலைமையின் எண்ணம். ஆனால் வைஸ்லர் ஒரு பிரதியை எர்ன்ஸ்ட் டிலிக் என்னும் இளைஞரிடம் படிக்கத் தந்திருந்தார். அவ்வழியே அது அயல்நாட்டுச் செய்தியாளரை அடைந்தது. பெர்லின் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதற்குச் சின்னாட்கள் முன்னர், ஜூலை மாதத்தில், அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் நாளிதழ்கள் அதனை வெளியிட்டன.

இனி நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. அயல்நாட்டார் துணையுடன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்னும் பழிக்கு அஞ்சிய திருச்சபைத் தலைமை, வைஸ்லரைப் பணியிலிருந்து விலக்கி, அவருக்கும் தனக்கும் தொடர்பில்லை என விலகி நின்றது. 1936 அக்டோபர் 7 அன்று கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. டிலிக்கும், வெர்னர் கோக் என்னும் மற்றோர் இளைஞரும் சிறைப்பட்டனர். 1937 பிப்ரவரி 13 அன்று மூவரும் சாக்ஸன்ஹவுசனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு அவர்கள் பிரிக்கப்பட்டனர். யூத வமிசத்தவர் என்பதால் வைஸ்லர் மட்டும் தனிச் சிறைக்கூடத்தில் அடைக்கப்பட்டார். ஆறு நாட்கள் காவலர்களின் சித்திரவதைக்கு ஆளாகி, பிப்ரவரி 19 அன்று உயிர் நீத்தார். அவருக்கு வயது 45. மனைவியும் இரு ஆண்மக்களும் இருந்தனர். மற்ற இருவரும் உயிர்பிழைத்தனர். ஒரே குற்றச்சாட்டிற்கு ஆளான மூவரில் ஒருவர் மட்டும் கொல்லப்பட்டமைக்கு அவருடைய பிறப்பைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

யூத வமிசத்துக் கிறிஸ்தவருக்காகக் குரல் கொடுக்கத் தொடங்கிய இயக்கம், தன் அலுவலகத்திலேயே பணியாற்றிய அத்தகைய ஒருவரைக் காக்கத் தயங்கியது. ஞானஸ்நானம் பெறாத யூதருக்காகவோ அவ்வியக்கத்தின் பெரும்பான்மையினர் வாய் திறக்கவேயில்லை. தன் சபை, தன் போதகர், தன் விதி என்னும் வட்டத்திற்குள் நின்றே அது வழக்காடியது. வைஸ்லரின் குறிப்பாணை அவ்வட்டத்தைத் தாண்ட முயன்றது. தாண்டிய இடத்தில் அவர் தனித்து நின்றார்.

பெரெல்ஸின் மேசை

வைஸ்லரினும் 19 ஆண்டுகள் இளையவர் பெரெல்ஸ். 1910 நவம்பர் 13 அன்று பெர்லினில் பிறந்தவர். அவருடைய முன்னோரிலும் யூதர் இருந்தனர். ஹைடல்பெர்க்கிலும் பெர்லினிலும் சட்டம் பயின்று, 1930-களின் இடைப்பகுதியில் போதகர் ஒன்றியத்திற்கும் பிரஷ்யாவின் விசுவாச அறிக்கைத் திருச்சபைக்கும் சட்ட ஆலோசகரானார்.

அவருடைய பணியில் ஆரவாரம் எதுவுமில்லை. ஒரு போதகருக்குப் பேசத் தடை, மற்றொருவருக்கு ஊரைவிட்டு வெளியேற ஆணை, வேறோரிடத்தில் காணிக்கை பறிமுதல், பிறிதோரிடத்தில் வீட்டுச் சோதனை எனச் செய்திகள் நாள்தோறும் வந்தவண்ணம் இருந்தன. ஒவ்வொன்றிற்கும் எவ்விதியை எடுத்துக்காட்டலாம், எந்த அலுவலகத்தில் மனுச் செய்யலாம் என ஆலோசனை கூற வேண்டும். சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டும். 1937 ஆகஸ்டில் ஹிம்லரின் ஆணை அச்சபையின் போதகர் பயிற்சியையும் தேர்வுகளையும் முற்றாகத் தடை செய்த பின், சபையின் அன்றாடக் கடமைகளே குற்றங்களாயின. பெரும்பாலான மனுக்கள் பயனளிக்கவில்லை. ஆயினும், 'இது சட்டத்திற்குப் புறம்பானது' என்னும் வாசகம் நாள் குறிக்கப்பட்டு, பெயர் குறிக்கப்பட்டு, அரசின் கோப்புகளிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

1941 அக்டோபரில் பெர்லின் யூதரை நாடுகடத்தும் பணி தொடங்கியது. அவர்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பு, வீடுகள் பறிக்கப்பட்ட முறை, திரட்டி வைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைப் பெரெல்ஸும் போன்ஹோஃபரும் அம்மாதத்திலேயே அறிக்கையாகத் தொகுத்து, ஆட்சியை எதிர்த்த இராணுவ அலுவலர்களுக்குச் சேர்ப்பித்தனர். 1942-இல் பதினான்கு பேரை, அவர்களுள் பெரும்பாலோர் யூத வமிசத்தவர், இராணுவ உளவுத்துறையின் ஆட்கள் என்னும் போர்வையில் சுவிட்சர்லாந்திற்கு அனுப்பிக் காத்த முயற்சியிலும் பெரெல்ஸின் துணை இருந்தது. மனு எழுதிய கை, மனுவிற்கு இடமில்லாதபோது மறைவழியில் உயிர்காக்கத் துணிந்தது. சட்டத்தை உயிரினும் மேலாக மதித்தவருக்கு அத்துணிவு எளிதாக வந்திருக்க இயலாது.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றபின், அக்டோபர் 5 அன்று பெரெல்ஸ் கைதானார். அம்முயற்சியை முன்னரே அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. 1945 பிப்ரவரி 2 அன்று ரோலண்ட் ஃபிரைஸ்லர் தலைமையிலான மக்கள் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. நீதிபதிக்குரிய அங்கி அணிந்து, குற்றஞ்சாட்டப்பட்டோரை நோக்கிக் கூச்சலிடுவதையே வழக்கமாகக் கொண்டிருந்த ஃபிரைஸ்லர், மறுநாளே பெர்லின் மீது நிகழ்ந்த வான்தாக்குதலில் மாண்டார். ஆனால் அவர் எழுதிய தீர்ப்பு மாளவில்லை. ஏப்ரல் 22-23 நள்ளிரவில், சோவியத் படைகள் நகரினுள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, லேர்ட்டர் தெருச் சிறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்ட பெரெல்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 34. ஒன்பது நாட்களில் பெர்லின் சரணடைந்தது. மகனுக்காகப் பிணையாகப் பிடிக்கப்பட்ட தந்தை, வரலாற்றுப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் பெரெல்ஸ், ஃபுளோசன்பூர்க் முகாம் விடுவிக்கப்பட்ட பின்னரும் உடல்நலம் தேறாமல் மே 10 அன்று காலமானார்.

சாட்சியம் என்னும் கடமை

இவ்விருவரும் தாம் எடுத்துக்கொண்ட வழக்கில் வென்றார்களா? அவர்கள் வாழ்ந்த காலத்தில் இல்லை. அப்படியாயின் எம் மாணவரின் வினாவிற்கு நாம் தரும் விடை யாது?

அரபி மொழியில் சாட்சி கூறுபவரைக் குறிக்கும் 'ஷாஹித்' என்னும் சொல்லும், உயிர்த்தியாகியைக் குறிக்கும் 'ஷஹீத்' என்னும் சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. கிறிஸ்தவர்கள் தம் தியாகிகளுக்கு வழங்கும் கிரேக்கச் சொல்லும் தொடக்கத்தில் சாட்சி என்றே பொருள்பட்டது. இரு மொழிகளும் இவ்வாறு ஒன்றுபடுவது மொழியாசிரியர்களாகிய எமக்கு வெறும் சொல்லாராய்ச்சிச் செய்தியாகத் தோன்றவில்லை. நீதிமன்றம் திறந்திருக்கும்போது வழக்கறிஞர் சாட்சியை அழைக்கிறார். அது அடைபட்டுவிட்டால் அவரே சாட்சியாகிறார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு, சட்டத்தின் துல்லியமான சொற்களில், நாளும் பெயரும் குறித்து எழுதிவைப்பது அவரால் இயலும்.

கதவு மீண்டும் திறக்கும் நாளில் அவ்வெழுத்தே தேடப்படும். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை 1977-இல் அமைந்த விசாரணைக் குழுவின் முன் அவர்கள் எடுத்துரைத்தனர். அக்குழுவின் தலைவராக அமர்ந்து அச்சாட்சியங்களை ஆராய்ந்தவர் நாகூர் தந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள். கம்பனில் தோய்ந்த அப்பெருமகனார் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். சிறையில் தாக்குண்டு, 1977 ஜனவரியில் காலமான முன்னாள் மேயர் சிட்டிபாபுவின் சிறை நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாகவும் வெளிவந்தது. நீதிபதி கன்னாவோ தம் மாறுபட்ட தீர்ப்பிற்காகத் தலைமை நீதிபதிப் பதவியை இழந்தார். 1978-இல் நிறைவேறிய 44-ஆவது அரசமைப்புத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்கலாகாது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய பெரும்பான்மைத் தீர்ப்பு பிழையானது என அறிவித்தது. தனியொருவர் எழுதிவைத்தது 41 ஆண்டுகள் காத்திருந்து வென்றது.

ஆயினும் வைஸ்லரின் முடிவு இவ்விடையை முழுமையானதாகக் கொள்ள விடாமல் நம்மைத் தடுக்கிறது. எழுதியவரை அவருடைய சமூகமே கைவிட்டால் அவ்வெழுத்து அவரைக் காப்பதில்லை. 1945 அக்டோபரில் ஜெர்மன் சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடித் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை விடுத்தனர். போதிய துணிவுடன் சாட்சி பகரவில்லை என வருந்திய அவ்வறிக்கையிலும் யூதர் என்னும் சொல் இடம்பெறவில்லை. தன் உரிமைக்காக மட்டும் நீதிமன்றப் படியேறும் சமூகம், பிறருடைய உரிமை பறிபோகும்போது வழக்கு தன்னுடையதன்று என ஒதுங்குகிறது. பின்னர்த் தன் முறை வரும்போது சட்டம் கற்றோர் இருந்தும் நீதிமன்றம் இருப்பதில்லை. சமயச் சிறுபான்மையினர் அனைவரும், அவர்களுள் நாமும், இதனை நெஞ்சில் இருத்த வேண்டும். நம்மவருக்காக வாதாட வழக்கறிஞர்களை உருவாக்குகிறோம். நம்மவரல்லாத ஒருவருக்காக அவர்கள் எழுந்து நின்றால், அவர்களுக்குப் பின்னால் நாம் நிற்போமா என்பதே வினா.

பெரெல்ஸ் கொல்லப்பட்டபோது அவருடைய மகன் யோவாகிம் மூன்று வயதுக் குழந்தை. வளர்ந்து ஹனோவரில் பேராசிரியரான அவர், அநீதியாளருக்குத் தீர்ப்பெழுதித் தந்த நீதிபதிகள் போருக்குப் பின் தண்டனையின்றித் தப்பிய வரலாற்றை ஆராய்ந்து எழுதுவதையே தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் சாட்சியத்தைத் தொடர்ந்தார் என்றே கொள்ளலாம்.

எம் மாணவர் கல்லூரிக்குத் திரும்பும் முன் மீண்டும் ஒருமுறை எம்மைக் காண வந்தார். மேற்கண்டவற்றை அவரிடம் கூறி, நீதிபதி கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பை முழுமையாகப் படித்துத் தமிழில் சுருக்கி எழுதிவருமாறு பணித்துள்ளோம். அடுத்த விடுமுறையில், நீதிபதியின் ஒழுக்கங்கள் பற்றிய பாடம் முடிந்ததும், பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அதனை நம் மாணவர்களுக்கு அவரே நடத்துவார், இன்ஷா அல்லாஹ்.